மல்லிகைச் சாறு மெலனினைத் தடுக்கிறதா? பூப் பறிப்பு முதல் கணக்கு வரை

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் இருக்கும் மாணவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குக் கடற்பாசியைத்தான் முதலில் யோசிப்பார்கள். அதை விட்டுவிட்டு "பூவில் செய்கிறோம்" என்று வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாசனைப் பூக்களின் சாற்றில் ஆன்டிஆக்ஸிடன்ட் (ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும்) திறனையும், சருமத்தில் மெலனின் என்ற நிறமியை உருவாக்கும் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கும் திறனையும் அளப்பதுதான் வேலை. செய்முறை ஒன்றும் கடினமில்லை. தப்பு நடப்பதெல்லாம், கரைசலின் நிறத்தை ஒளியால் அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் முன்னால் உட்காருவதற்கு முன்பும், எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்த பிறகும்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிபிபிஎச் பொடி (ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டால் இதன் ஊதா நிறம் வெளுக்கும்), அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி), காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸ், எல்-டோபா (அந்த நொதி நிறமாக மாற்றும் பொருள்), கோஜிக் அமிலம் (அந்த நொதியைத் தடுக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த பொருள்), பாஸ்பேட் பஃபர் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்) உப்புகள், எத்தனால், மெத்தனால், சாற்றைக் கரைக்க டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான். கருவி என்று பார்த்தால் ஸ்பெக்ட்ரோ, நான்கு இலக்கத் தராசு, மைக்ரோ பிப்பெட், சாற்றைக் குறைந்த சூட்டில் வற்றவைக்கும் ரோட்டரி எவாப்பரேட்டர் போதும். ரோட்டரி இல்லாத கல்லூரி என்றால் காரைக்குடி, மதுரைப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று முதல் வாரத்திலேயே பேசி வைத்துவிடுங்கள். சாறு இறக்கிய பிறகு தேடினால் அது குடுவையிலேயே கெட்டுவிடும்.

எத்தனால் நினைத்தவுடன் வாங்கக்கூடிய பொருள் இல்லை. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். துறையில் இருப்பு எவ்வளவு என்று கேட்டுவிட்டு அளவைத் திட்டமிடுங்கள்.

நொதி கூரியரில் வருகிறதென்றால் அது வரும் நாளில் ஒருவர் கல்லூரியில் இருக்க வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டிய சாமான், அலுவலக மேசையில் ஒரு மே மாத மதியத்தைக் கழித்தால் அதில் வேலை செய்ய ஒன்றும் மிஞ்சாது.

தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். இந்தக் கரையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் கலந்தது. அதில் பாஸ்பேட் பஃபர் கலக்கினால் கால்சியம் பாஸ்பேட் படிந்து கரைசல் மங்கும். அந்த மங்கலையும் ஸ்பெக்ட்ரோ நிறமாகத்தான் எண்ணும். காய்ச்சி வடித்த நீர் மட்டும் பயன்படுத்துங்கள்.

2. பூவையும் அதன் பருவத்தையும் முடிவு செய்தல்

தங்கச்சிமடம், அக்காள்மடம் பக்கத்து மணலில் குண்டுமல்லி நாற்றுதான் பெரிய தொழில். இங்கிருந்து நாற்று வெளியூர்களுக்கெல்லாம் போகிறது. அதனால் மல்லிகைக்கு அலைய வேண்டாம். பிச்சி, சம்பங்கி வேண்டுமென்றால் பூக்கடையை நம்ப வேண்டியிருக்கும். எந்த ஊர்ப் பூ, எப்போது பறித்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. எடுக்காதீர்கள்.

தாழம்பூ எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாழையில் ஆண், பெண் தனித்தனிச் செடி. வாசனை ஆண் பூங்கதிரில், அந்த வெளிர் மடல்களில்தான். அன்னாசி போலக் காய் தொங்கினால் அது பெண் செடி. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவைச் சேர்ந்த தீவுகளில் கை வைக்கவே கூடாது. வேலி ஓரத்துத் தாழையே தாராளமாகப் போதும்.

மல்லிகையை விடியும் முன், வெள்ளை மொட்டாக இருக்கும்போதே பறிப்பார்கள். அது மலர்வது அன்று மாலையில். நீங்கள் மொட்டை எடுக்கிறீர்களா, மலர்ந்ததை எடுக்கிறீர்களா என்று முதல் நாளே எழுதி வைத்து, கடைசி வரை அதையே எடுங்கள். பருவம் மாறினால், ஆன்டிஆக்ஸிடன்ட் வேலையைச் செய்யும் பீனால் சேர்மங்களின் அளவும் மாறும். பாதி மொட்டு, பாதி மலர் கலந்துவிட்டால் மூன்று முறை செய்த சோதனையில் மூன்று விடை வரும். பழி பிப்பெட்டின் மேல் விழும்.

பறிக்கும் முன் தோட்டக்காரரிடம் மருந்து அடித்த நாளைக் கேளுங்கள். மல்லிகைக்கு மொட்டுப்புழு பெரிய தொல்லை, அதனால் மருந்தும் அடிக்கடி விழும். ஒருமுறை என் மாணவன் ஒரு கிலோ கேட்டபோது, "தலையில வைக்கவா, தம்பி? அரைக்கிறதுக்குன்னா அந்தப் பாத்தியில எடுக்காத, நேத்துதான் மருந்து அடிச்சோம்" என்றார் ஓர் அம்மா. அவன் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். எல்லோரும் அப்படிச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

பூவோடு ஒரு கிளையையும் ஒடித்து, அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்திலோ, திருச்சி ராபினாட் உலர்தாவரச் சேகரிப்பிலோ அடையாளம் உறுதி செய்துகொள்ளுங்கள். இதைக் கடைசி மாதத்தில் செய்யப் போனால் செடியில் பூ இருக்காது.

3. கொண்டு வருவதும் உலர்த்துவதும்

பறித்த மல்லிகையைக் கையில் கசக்கிப் பாருங்கள். சில நிமிடங்களில் பழுப்பேறும். இதழ் கிழிந்ததும் பாலிபீனால் ஆக்ஸிடேஸ் நொதி பீனால்களைப் பிடித்துக்கொள்வதால் வரும் நிறம் அது. அந்த நொதியும் நாம் தடுக்க நினைக்கும் டைரோசினேஸும் செம்பு அணுவை மையமாகக் கொண்ட ஒரே குடும்பத்து ஆட்கள். சோதிக்கப் போகும் பீனால்களை, சோதிக்கப் போகும் நொதியின் பங்காளியே வழியில் தின்றுவிடுகிறது. பூவை நசுக்காமல், குளிர்ச்சியாக, சீக்கிரமாகக் கொண்டு வரச் சொல்வது இதனால்தான்.

தெர்மக்கோல் பெட்டியும் ஐஸும் இந்தக் கரையில் எங்கும் கிடைக்கும். ஆனால் புதுப் பெட்டியாக வாங்குங்கள். ஒரு குழு, மீன் பெட்டியைக் கழுவிவிட்டு அதில் மல்லிகையைக் கொண்டு வந்தது. அந்த வருடம் எங்கள் ஆய்வகத்தில் வந்த வாசனை எந்தப் பூவுக்கும் சொந்தமில்லை. ஐஸ் பூவில் நேரடியாகப் படக்கூடாது. துணியில் சுற்றி மேலே வையுங்கள்.

அடுத்தது உலர்த்தல். "நிழலில் உலர்த்தவும்" என்று எல்லாக் கட்டுரையிலும் ஒரு வரி இருக்கும். அது கடலோரத்துக்கு எழுதிய வரி அல்ல. இங்கே காற்றிலேயே ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் நிழலில் பரப்பினால் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். மொட்டை மாடியில் பரப்பினால் உப்புக்காற்றும் மணலும் சேரும். காற்றோட்டமுள்ள ஓவனில் 40 டிகிரியில், ஒரே அடுக்காகப் பரப்பி உலர்த்துங்கள். விரலால் நொறுக்கினால் பொடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மல்லிகையில் பெரும்பகுதி தண்ணீர்தான். பறித்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு காய்ந்து தேறினால் அதிகம். அதற்கேற்றபடி வாங்குங்கள்.

ஓவன் இல்லையா? பூவை வந்தவுடன் நேராக எத்தனாலில் போட்டுவிடலாம்; ஆல்கஹால் நொதியைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் பூவின் தண்ணீர் ஆல்கஹாலை நீர்க்கச் செய்வதால் 70 சதவீதம் என்று தொடங்கியது 70 ஆக இருக்காது. ஈரப்பதத்தைத் தனியே அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும்.

4. சாறு இறக்குதல்

வாசனைதான் மருந்து என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில் வழி மாறிப் போகிறார்கள். மல்லிகையின் மணம் பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் போன்ற ஆவியாகும் பொருள்களால் வருகிறது. டிபிபிஎச் சோதனையில் நிறம் மாற்றுவது பெரும்பாலும் மணமே இல்லாத பிளேவனாய்டுகளும் மற்ற பீனால்களும். ஹெக்ஸேனில் இறக்கினால் மணமும் மெழுகும் வரும், பீனால் வராது. ஒடிசாவின் கஞ்சம் கடற்கரையில் தாழம்பூவை நீரோடு காய்ச்சி வடித்துத் தாழைத் தைலம் எடுக்கிறார்கள். அந்த வடிநீரைக் கொண்டு வந்து இந்தச் சோதனையில் போட்டால் எண் சிறியதாகத்தான் இருக்கும். மணக்கிற சாறு, வேலை செய்கிற சாறு இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

10 கிராம் பொடிக்கு 100 மில்லி 70 சதவீத எத்தனால். மூடிய குடுவையில், வெளிச்சம் படாமல், 24 மணி நேரம் குலுக்கியில் வையுங்கள். வடித்துவிட்டு அதே சக்கையில் புது எத்தனால் ஊற்றி இன்னொரு முறை செய்து, இரண்டையும் சேர்த்து 40 டிகிரிக்கு மேல் போகாமல் ரோட்டரியில் வற்றவிடுங்கள். சூடு ஏற்றினால் சீக்கிரம் முடியும், ஆனால் பீனால்கள் சிதையும்.

மெத்தனாலில் இறக்கினால் கொஞ்சம் அதிகம் வரும். ஆனால் அது விஷம். அந்தச் சாற்றைத் தோலில் தடவும் பேச்சே வரக்கூடாது.

வற்றியது பிசுபிசுப்பாக, கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு எடை கூடும். திங்கட்கிழமை 10 மில்லிகிராம் நிறுத்ததும் வியாழக்கிழமை 10 மில்லிகிராம் நிறுத்ததும் ஒன்றாக இருக்காது. சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வையுங்கள். எடை நிலைத்த பிறகு ஒரே நாளில் பல சிறு குப்பிகளில் நிறுத்துப் பிரித்து, மைனஸ் 20-இல் போட்டுவிடுங்கள். தேவைப்படும்போது ஒரு குப்பி மட்டும் வெளியே வரட்டும்.

5. டிபிபிஎச் சோதனை

டிபிபிஎச் பாட்டில் ஃபிரிட்ஜிலிருந்து வந்ததும் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த பாட்டிலைத் திறந்தால் உள்ளே வேர்க்கும், பொடி கட்டியாகும்.

3.94 மில்லிகிராமை 100 மில்லி மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார். கத்தரிப்பூ நிறம் வரும். அன்றன்றைக்குக் கலக்கி, குடுவையை அலுமினியத் தாளில் சுற்றுங்கள்.

சோதனைக் குழாயில் 1 மில்லி சாற்றுக் கரைசல், 3 மில்லி டிபிபிஎச். இருட்டில் 30 நிமிடம். 517 நானோமீட்டரில் அளவு. சாறு ஹைட்ரஜன் அணுவையோ எலக்ட்ரானையோ கொடுத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். 517-இல் எண் இறங்கும். சாற்றுக்குப் பதில் வெறும் கரைப்பானை 1 மில்லி சேர்த்த குழாய்தான் கன்ட்ரோல்.

குழாய்களை வரிசையாகக் கலக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அளக்க முடியாது. முதல் குழாயில் கலந்து ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது, இப்படி இடைவெளி விட்டுக் கலந்து, அதே இடைவெளியில் அளங்கள். அப்போதுதான் ஒவ்வொன்றுக்கும் 30 நிமிடம் கிடைக்கும்.

அடுத்தது நான் வருடா வருடம் திருத்தும் பிழை. மில்லிக்கு 400 மைக்ரோகிராம் உள்ள கரைசலில் 1 மில்லி எடுத்து மொத்தம் 4 மில்லி ஆக்கினால் குழாயில் இருப்பது மில்லிக்கு 100 மைக்ரோகிராம்தான். 400 என்று எழுதினால் உங்கள் பூ நான்கு மடங்கு பலவீனமாகத் தெரியும். அஸ்கார்பிக் அமிலத்துக்கு ஒரு மாதிரியும் சாற்றுக்கு இன்னொரு மாதிரியும் எழுதிவிட்டால் ஒப்பீடே போச்சு.

ஐந்து செறிவுகளாவது வேண்டும். அவை 20 முதல் 80 சதவீதத் தடுப்புக்குள் (கன்ட்ரோலைவிட எண் எத்தனை சதவீதம் இறங்கியது என்பதுதான் தடுப்பு) விழ வேண்டும். எல்லாமே 90-க்கு மேல் இருந்தால் கோடு தட்டையாகிவிடும், பாதித் தடுப்புக்கான ஐசி50 மதிப்பு வெறும் ஊகம். அஸ்கார்பிக் அமிலக் கரைசலை அன்று காலை கலக்குங்கள். நேற்றையது பாதி ஆக்ஸிஜனேறி இருக்கும்.

மொத்தப் பீனால் அளவை, பீனால் பட்டால் நீலமாகும் வினைப்பொருளைக் கொண்ட ஃபோலின் முறையில் 765 நானோமீட்டரில் எடுத்து கேலிக் அமிலக் கணக்கில் எழுதுவது வழக்கம். எடுங்கள், ஆனால் வைட்டமின் சியும் புரதமும்கூட அந்த வினைப்பொருளை நீலமாக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

6. டைரோசினேஸ் சோதனை

தேவையான நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

டைரோசினேஸ், எல்-டோபாவை டோபாகுவினோனாக மாற்றும். அது தானாகவே ஆரஞ்சு நிற டோபாக்ரோமாகும். அந்த நிறத்தை 475 நானோமீட்டரில் அளக்கிறோம். நிறம் குறைவாக வந்தால் நொதி தடுக்கப்பட்டது என்று பொருள். அப்படித்தான் பாடத்தில் இருக்கும்.

50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர், பிஎச் 6.8. எல்-டோபா 11.8 மில்லிகிராமை 10 மில்லி பஃபரில் கரைத்தால் 6 மில்லிமோலார். அது தானாகவே காற்றில் கறுக்கும். இளஞ்சிவப்பு தட்டினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். நொதிக் கரைசல் எப்போதும் ஐஸில் இருக்கட்டும்.

குவெட்டில் (ஸ்பெக்ட்ரோவுக்குள் வைக்கும் சிறு ஒளிபுகும் குப்பி) பஃபர் 1.9 மில்லி, சாறு 0.1 மில்லி, நொதி 0.5 மில்லி. 25 டிகிரியில் 10 நிமிடம் விடுங்கள். அப்புறம்தான் டோபா 0.5 மில்லி. இந்த வரிசையை மாற்றக்கூடாது. டோபாவை முதலில் ஊற்றினால் சாறு நொதியைச் சந்திக்கும் முன்பே வினை ஓடத் தொடங்கிவிடும். சாற்றை டிஎம்எஸ்ஓவில் கரைத்துப் பஃபரில் நீர்க்கச் செய்யுங்கள்; குவெட்டில் டிஎம்எஸ்ஓ மொத்தம் 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், அதே அளவு கன்ட்ரோலிலும் இருக்க வேண்டும். ஒப்பிடுவதற்குக் கோஜிக் அமிலம்.

ஒவ்வொரு செறிவுக்கும் நான்கு குவெட்:

அ: நொதி உண்டு, சாறு இல்லை.
ஆ: நொதியும் இல்லை, சாறும் இல்லை.
இ: நொதி உண்டு, சாறு உண்டு.
ஈ: நொதி இல்லை, சாறு உண்டு.

நான்கிலும் டோபா உண்டு. கணக்கு: [(அ − ஆ) − (இ − ஈ)] ÷ (அ − ஆ) × 100.

ஈ எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள், நொதியை மிச்சப்படுத்துகிறோம் என்று அதை விட்டும் விடுவார்கள். அதில் நொதியே இல்லை, மிச்சம் எங்கிருந்து வரும்! பூச்சாறு தானே மஞ்சளும் பழுப்பும். 475-இல் அந்த நிறமும் சேர்ந்து அளக்கப்படும். உதாரணத்துக்கு அ 0.640, ஆ 0.040, இ 0.450, ஈ 0.150 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகக் கழித்தால் தடுப்பு 50 சதவீதம். ஆ, ஈ இரண்டையும் விட்டுவிட்டு அ, இ மட்டும் வைத்துப் போட்டால் 30. நல்ல சாறு ஒன்று வீணாகப் போயிருக்கும்.

இதற்கு நேர்மாறான பிழைதான் இன்னும் மோசம். ஒரு மாணவி மல்லிகைச் சாற்றில் மிக நல்ல தடுப்பு வந்ததென்று மகிழ்ச்சியாக வந்தாள். ஐந்தாம் நிமிடத்தில் ஒரே ஒருமுறை அளந்திருந்தாள். "அதே குவெட்டை எடுக்காமல் இன்னும் இருபது நிமிடம் பாரும்மா" என்றேன். பன்னிரண்டாம் நிமிடம்போல் நிறம் ஏறத் தொடங்கியது. பிறகு கன்ட்ரோல் ஏறிய அதே வேகத்தில் ஏறியது. "சார், அப்போ தடுக்கவே இல்லையா?" என்றாள்.

நடந்தது இதுதான். ஆன்டிஆக்ஸிடன்ட்கள் டோபாகுவினோனைத் திரும்ப டோபாவாக்கிவிடும். நொதி முழு வேகத்தில் வேலை செய்கிறது, நிறம் மட்டும் வருவதில்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் தீர்ந்ததும் நிறம் கிளம்பும். வைட்டமின் சியைப் போட்டாலும் இதே கூத்துதான் நடக்கும். அதனால் ஒற்றை அளவு எடுக்காதீர்கள். 30 விநாடிக்கு ஒருமுறை, குறைந்தது 20 நிமிடம் அளந்து வரைபடம் போடுங்கள். தாமதமாகத் தொடங்கி, பிறகு கன்ட்ரோல் கோட்டின் சரிவிலேயே (அதாவது அது ஏறும் வேகத்திலேயே) ஏறினால் அது வெறும் ஆன்டிஆக்ஸிடன்ட் வேலை. தொடக்கத்திலிருந்தே சரிவு குறைவாக இருந்தால்தான் நொதியைத் தடுக்கிறது என்று எழுதலாம். இரண்டும் கலந்தும் வரும். அப்போது தாமதத்தையும் சரிவையும் தனித்தனியே எழுதுங்கள். மேலே சொன்ன கணக்கில் ஒரு நேரத்து எண்ணுக்குப் பதில் சரிவைப் போட்டால் சாற்றின் நிலையான நிறம் தானாகவே கழிந்துவிடும். ஆனாலும் ஈ வேண்டும். நொதி இல்லாமலேயே டோபா எவ்வளவு கறுக்கிறது என்று அதுதான் காட்டும்.

கன்ட்ரோல் நிமிடத்துக்கு 0.05 முதல் 0.1 வரை ஏறும்படி நொதியின் அளவை முதல் நாளே சரிசெய்யுங்கள். அதிகம் போட்டால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்து, பார்க்க ஒன்றும் இருக்காது.

7. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது

காளானின் டைரோசினேஸைத் தடுத்தது என்று எழுதலாம். மனிதத் தோலை வெளுக்கும் என்று எழுதக்கூடாது. மனித நொதியின் அமைப்பு வேறு. காளானில் நன்றாக வேலை செய்த பல பொருள்கள் மனித நொதியில் சோடை போயிருக்கின்றன. அடுத்த கட்டமாக எலியின் பி16 மெலனோமா செல்களில் மெலனின் அளவு பார்ப்பார்கள். அங்கேயும் செல்கள் உயிரோடிருக்கின்றனவா என்று எம்டிடி சோதனை கூடவே வேண்டும். செத்த செல்லும் மெலனின் செய்யாது.

செல்லைத் தாண்டினாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. ரோடோடென்ட்ரால் என்ற தாவரப் பொருள் டைரோசினேஸைத் தடுக்கும் என்று ஜப்பானில் அனுமதி பெற்று முகப்பூச்சுகளில் சேர்க்கப்பட்டது. பூசியவர்கள் பலருக்கு வெண்திட்டுகள் விழுந்ததால் 2013-இல் அவை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. டைரோசினேஸ் அந்தப் பொருளையே மாற்றி, நிறமிச் செல்லைக் கொல்லும் நஞ்சாக்கியிருந்தது.

"சிவப்பழகு" என்ற சொல்லைத் தலைப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். "நிறமி உருவாக்கத் தடுப்பு" போதும். வெயிலில் வலை இழுப்பவர்களின் தோலில் இருக்கும் மெலனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற பொருள். அதைக் குறைபாடு போல எழுதும் முன்னுரைகளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கரும்புள்ளி, மங்கு என்று குறிப்பாக எழுதினால் அதற்கு ஒரு பொருள் உண்டு.

மிச்சச் சாற்றை முகத்தில் பூசிப் பார்க்கும் ஆசை யாருக்காவது வரும். மல்லிகைச் சாரம் ஒவ்வாமை உண்டாக்கும் வாசனைப் பொருள்களில் ஒன்று. அதில் எலுமிச்சை பிழிந்து வெயிலில் போனால் இன்னும் விசேஷம்: எலுமிச்சையின் ஃபியூரனோகூமரின்கள் வெயிலோடு சேர்ந்து தோலைப் பொசுக்கி, கருத்த தழும்பை விட்டுச் செல்லும். விற்பனைக்குச் செய்வதென்றால் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின் கீழ் உரிமம் வேண்டும். அது தனி வேலை.

8. வேலை முடிந்த மாலை

ஒவ்வொரு நாளும் குறிப்பேட்டில் பறித்த தேதி, இடம், மொட்டா மலரா, மருந்து அடித்த நாள், உலர்ந்த எடை, சாற்றின் எடை, நொதிப் பாட்டிலின் தொகுதி எண் இவற்றை எழுதிவிட்டுக் கிளம்புங்கள். தொகுதி மாறினால் நொதியின் வேகம் மாறும். கோஜிக் அமிலத்தை மறுபடி அளக்க வேண்டும். மெத்தனாலும் டிபிபிஎச்சும் கலந்த கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், நம் ஊர்ச் சாக்கடை எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும். மூடிய கேனில் சேர்த்து, பெயர் எழுதி, சுடரிலிருந்து தள்ளி வையுங்கள்.